பீங்கானின் அடியில் ஒரு பெயர்

லிமோஜ் என்பது பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஓர் ஊர். கடற்கரை கிடையாது, ராஜா குடியிருந்த தலைநகரமும் அல்ல. ஆனாலும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகளில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை எழுத்தில் "லிமோஜ், பிரான்ஸ்" என்று இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டு அம்மா தட்டைப் பற்றிப் பேசவே தொடங்குவார்.

அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை 1768-ஐ ஒட்டித் தொடங்குகிறது. லிமோஜுக்குத் தெற்கே சேந்திரியே என்ற சிற்றூரில் தார்னே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருடைய மனைவி துணி வெளுக்க ஒரு வெள்ளை மண்ணைக் கண்டெடுத்தார். சோப்புக்குப் பதிலாக உதவுமா என்பதுதான் அவருக்குக் கவலை. போர்தோ நகரத்து மருந்துக்காரர் வில்லாரிஸ் அதைச் சோதித்து, சீனர்கள் பீங்கான் செய்யும் கயோலின் மண் இதுதான் என்று சொன்னார். 1771-ல் லிமோஜில் முதல் பீங்கான் தொழிற்சாலை வந்தது. 1842-ல் டேவிட் ஹாவிலண்ட் என்ற நியூயார்க் வியாபாரி அங்கேயே குடியேறி, அமெரிக்க வீடுகளுக்கு வேண்டிய மாதிரி தட்டுகள் செய்யவைத்தார். வெள்ளைக்கார நாடுகளில் கல்யாணப் பரிசு என்றால் லிமோஜ் தட்டு என்று ஆனது.

இதை எழுதக் காரணம் நம் விருத்தாசலம்தான். நமக்கும் வெள்ளை மண் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. சூளைகள் இருக்கின்றன. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலுப் பொம்மை எல்லாம் இங்கே ஆகின்றன. இத்தனை வருடத்தில் எத்தனையோ பொம்மைகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அடியில் ஊர்ப் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் (பையன் என்றாலும் நாற்பதைத் தாண்டியவன்) பீங்கான் படிப்பு முடித்து, வெளிமாநிலத்து டைல்ஸ் கம்பெனிகளில் சூளைப் பொறுப்பில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். மெருகு வெடிப்பது ஏன், சூளையில் சூடு எங்கே குறைகிறது, மண்ணில் எதைக் கூட்டிக் குறைப்பது என்று மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கலாம் என்பது திட்டம். அதற்கு இணையத்தில் ஒரு முகவரி, அதாவது டொமைன் பெயர் வாங்க வேண்டும். "ஐயா, பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவன் என்று நம்ப வேண்டும். என்ன வைக்கலாம்?" என்று கேட்டான். விருத்தாசலம் செராமிக்ஸ், செராமிக் எக்ஸ்பர்ட், ஏதாவது புதுச்சொல், இல்லையென்றால் சொந்தப் பெயர் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ழான் நோயெல் ஃப்ரிட்மான் என்பவர் 1994-லேயே "பிரான்ஸ் டாட் காம்" என்ற முகவரியைத் தன் பெயரில் பதிந்துவிட்டார். இணையம் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாத காலம். அதில் பிரான்சுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு உதவும் தொழிலை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினார். 2015-ல் பிரெஞ்சு அரசு வழக்கில் நுழைந்து, அந்தப் பெயர் நாட்டுக்குச் சொந்தம் என்றது. பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் முகவரி அவர் கையை விட்டுப் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று. அவர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். வேறொரு நாட்டு அரசை இங்கே நிறுத்தி விசாரிக்க முடியாது என்று 2021-ல் அங்கத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயம் யார் பக்கம் என்று கேட்டால், பிரெஞ்சு படித்தவனாக இருந்தும் எனக்கு அந்த மனிதர் மேல்தான் இரக்கம். இருபது வருட உழைப்பு ஒரு வாரத்தில் இன்னொருவர் வாசலாகிவிட்டது.

நம் சட்டமும் இதில் கறார்தான். வெறும் ஊர்ப் பெயரையோ சரக்கின் வகையைச் சொல்லும் சொல்லையோ ஒருவர் தன் வணிகக் குறியாகப் பதிவது கடினம். "செராமிக் எக்ஸ்பர்ட்" என்று வைத்தால் பக்கத்துத் தெருக்காரரும் அதையே வைப்பார், அவரைத் தடுக்க வழி கிடையாது. தவிர, தன்னைத் தானே நிபுணன் என்று பலகையில் எழுதிக்கொள்பவரை நம் ஊர் எப்படிப் பார்க்கும் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

புதுச்சொல்லுக்கு நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது. ஐவே என்ற பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருந்தது நினைவிருக்கும். அதை நடத்தியது சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனி. அவர்கள் தங்கள் பெயரிலிருந்தே எழுத்துகளைப் பொறுக்கி "சிஃபி" என்று ஒரு சொல்லைச் செய்து, 1999-ல் பல முகவரிகளைப் பதிந்தார்கள். எந்த மொழியிலும் பொருள் இல்லாத சொல். 2001-ல் பெங்களூரில் ஒரு கம்பெனி, ஓர் எஃப் எழுத்தை மட்டும் கூட்டி "சிஃப்பிநெட்" என்று முகவரி வாங்கியது. எங்கள் ஐந்து பங்காளிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் இது என்று அவர்கள் சொன்னார்கள். கீழ்க்கோர்ட்டு தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, உச்ச நீதிமன்றம் 2004 மே 6-ம் தேதி தடையைத் திரும்பக் கொடுத்தது. டொமைன் பெயர் வெறும் விலாசம் மட்டும் அல்ல, கடையின் அடையாளமும் அதுதான், ஆகவே ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கும் விதி இதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவில் இந்த விஷயத்துக்கு இன்றும் அதுதான் அடிப்படை.

பொருளில்லாத சொல்லைக் காப்பது எளிது. ஆனால் அந்தச் சொல்லை ஊர் வாயில் ஏற்ற பணம் வேண்டும். சிஃபியிடம் இருந்தது, நம் பையனிடம் இல்லை.

மிஞ்சுவது சொந்தப் பெயர். இங்கே காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்துப் போடும் யூடிகோலன் கதையைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ஓ-தெ-கொலோன், கொலோன் நகரத்து நீர். செய்தவர் ஜெர்மானியர் அல்ல, பிரெஞ்சுக்காரரும் அல்ல, இத்தாலியிலிருந்து போய்க் குடியேறிய யோஹான் மரியா ஃபரீனா. குடும்பத்துக் கடை 1709-ல் தொடங்கியது. ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் புட்டியில் ஒட்டினார்கள். ஆகவே ஜனங்கள் "ஃபரீனா" என்ற பெயரைத் தேடி வாங்கினார்கள். 1803-ல் வில்ஹெல்ம் ம்யூல்ஹென்ஸ் என்பவர் என்ன செய்தார் தெரியுமா? பான் நகரத்தில் ஃபரீனா என்ற பெயருள்ள, வாசனைக் குடும்பத்துக்கு உறவே இல்லாத ஒருவரைப் பிடித்து, பெயரை உபயோகிக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். தான் உபயோகித்ததோடு நில்லாமல் வேறு பலருக்கும் அதை விற்றார்! வழக்கு மேல் வழக்காக நடந்து, 1881-ல் அவர் பேரன் அந்தப் பெயரை அடியோடு விட வேண்டியதாயிற்று. பிறகு அவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்தையே பெயராக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படை 1794-ல் கொலோனைப் பிடித்தபின் வீடுகளுக்குப் போட்ட வரிசை எண்களில் அது ஒன்று: 4711. இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. ஃபரீனா வீடும் கொலோனில் இருக்கிறது.

ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாக உபயோகிப்பதை நம் வணிகக் குறிச் சட்டமும் தடுப்பதில்லை. ஆலோசனை சொல்பவருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. தட்டை வாங்குகிறவர் தட்டைத் தட்டிப் பார்க்கலாம். ஆலோசனையை எதில் தட்டிப் பார்ப்பது? சொன்ன ஆளைத்தானே பிடிக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. நம் ஊர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம். அந்தப் பெயரில் அவரைத் தேடுகிறவர்கள் குறைவு. புதுமைப்பித்தன் என்றால்தான் தெரியும். கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை, விமரிசனத்துக்கு ரசமட்டம் என்று வேறு பெயர்களும் வைத்துக்கொண்டார். ஊர் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. கதைக்காரருக்குப் புனைபெயர் சரி. சூளை வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் புனைபெயரில் வந்தால் சந்தேகம்தான் வரும்.

பெயர் எதுவானாலும் அதற்கு ஒரு மச்சம் வேண்டும். உடம்பு மச்சம் இல்லை. சுந்தரர் நம் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். போடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி மாதிரிக்கு வைத்துக்கொண்டார் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. அந்தத் துணுக்குக்குத்தான் மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தார்கள். மாற்று குறைந்திருந்தது, பாடிய பிறகு சரியாயிற்று. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். கொடுத்தவர் சிவபெருமான், அவரிடமே மாதிரி வைத்துச் சரிபார்த்திருக்கிறார் நம் ஆள்! பையனிடம் சொன்னேன்: என்ன மண், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எத்தனை உருப்படி உடைந்தது என்று நீ பார்த்த சூளைகளின் கணக்கை அந்தப் பக்கத்தில் போட்டு வை. பார்க்கிறவன் உரைத்துக்கொள்ளட்டும்.

லிமோஜ்காரர்கள் ஊர்ப் பெயருக்கே இப்படி ஒரு காவல் போட்டுவிட்டார்கள். 2017 டிசம்பரிலிருந்து அது பதிவு பெற்ற புவிசார் குறியீடு. ஓத்-வியென் மாவட்டத்துக்குள் செய்து சுட்டால்தான் "லிமோஜ் பீங்கான்" என்று சொல்லலாம். நமக்கும் 1999-ல் இதற்குச் சட்டம் வந்தது, அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா மண்பாண்டத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது, உற்பத்தியாளர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். சூளைக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். அந்த மேசையைத்தான் காணோம்.

பழைய குமாஸ்தா புத்தியில் பையனுக்கு இன்னொன்றும் சொன்னேன். முகவரியைப் பதியும்போது பக்கம் செய்து கொடுக்கிறவர் பெயரில் போகாமல் உன் பெயரில், உன் மின்னஞ்சலில் பதிவாகிறதா என்று பார். வருடா வருடம் சில நூறு ரூபாய் கட்ட வேண்டும், தேதியைக் காலண்டரில் குறித்து வை. தவறினால் வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

அப்பாவின் இனிஷியலோடு தன் பெயரை, டாட் இன் என்று பதிந்துவிட்டான். அதன் கீழே ஊரையும் தொழிலையும் சின்ன எழுத்தில் போட வேண்டும் என்றபோது புதுச் சிக்கல். விருத்தாசலத்தை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? ரயில்வே பலகையில் ஒரு விதம், கடைப் பலகைகளில் இரண்டு மூன்று விதம். 2020 ஜூனில் அரசாங்கம் 1,018 ஊர்ப் பெயர்களுக்குப் புது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. யோசித்துவிட்டு ரயில்வே பலகையில் உள்ளபடியே போட்டுவிட்டான். வெளியூர்க்காரர்கள் ரயிலில்தானே வந்து இறங்குவார்கள் என்றான்.