உடல் எடைக் குறைப்பும் போலி அறிவியலும்

உடல் எடைக் குறைப்பில் போலி அறிவியல் என்பது, சோதித்து நிறுவப்படாத அல்லது சோதனையில் தவறென்று அறியப்பட்ட எடைக் குறைப்பு முறைகளை அறிவியல் முடிவுகள் போன்று முன்வைப்பதைக் குறிக்கும். உணவுமுறைகள், மூலிகைத் தயாரிப்புகள், உடற்பருமன் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு ஆகிய மூன்றிலும் இது காணப்படுகின்றது. அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் ஒருவருக்கொருவர் உதவுவதற்காகக் கூடும் ஆதரவுக் குழுக்களில் பயனுள்ள அறிவுரைகளும் தீங்கானவையும் கலந்தே வழங்குகின்றன. அங்கே பேசுபவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தமக்கு நேர்ந்ததையே சொல்கின்றார். இவற்றைப் பிரித்தறிவது கடினமாக இருப்பதற்கு அதுவே முதன்மையான காரணம்.

பின்னணி

2019-21 காலப்பகுதியில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். இதற்கு முந்திய ஆய்வில் பெண்களுக்கான அளவு 30.9 விழுக்காடாக இருந்தது. உலக அளவில் உடல் நிறை குறியெண் 30 இலிருந்து உடற்பருமன் கணக்கிடப்படுகின்றது. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு போன்ற நோய்கள் வருவதால் 25 என்னும் எல்லை பின்பற்றப்படுகின்றது. எனவே எடையைக் குறைக்க விரும்புவோர் தொகையும், அவர்களை நோக்கி வரும் அறிவுரைகளின் தொகையும் மிகுதி.

குளச்சல் நிகழ்வு

2025 ஆம் ஆண்டு சூலை மாதம் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே, பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரவிருந்த மாணவர் ஒருவர் மூச்சுத்திணறல் ஏற்பட்டு இறந்தார். யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்து, ஏறத்தாழ மூன்று மாதங்களாகப் பழச்சாறு மட்டுமே அருந்தி வந்தார் என்று குடும்பத்தினர் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவை என்பதால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு செய்யவியலாது. இவ்விதி எடைக் குறைப்பு முறைகளைப் புகழும் செய்திகளுக்குப் பொருந்துவது போலவே இறப்புச் செய்திகளுக்கும் பொருந்தும். எனினும் இத்தகைய உணவுமுறை எவ்வாறு உயிருக்கு ஊறு செய்யக்கூடும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

பழச்சாற்றில் சர்க்கரையும் நீரும் உண்டு, புரதம் மிகக்குறைவு. புரதம் கிடைக்காத உடல் தன் தசைகளையே கரைத்துப் பயன்படுத்துகின்றது. இதயமும் தசையே ஆகும். பொட்டாசியம், மக்னீசியம், பாசுப்பேற்று ஆகியவற்றின் இருப்புக் குறையும்போது இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடலாம். நெடுநாள் பட்டினிக்குப் பின்னர் திடீரென்று வழக்கமான உணவுக்குத் திரும்புவதும் ஆபத்தானது. அப்போது சுரக்கும் இன்சுலின், குருதியில் எஞ்சியுள்ள பாசுப்பேற்றை உயிரணுக்களுக்குள் செலுத்திவிடுவதால் குருதியில் அதன் அளவு சரிகின்றது. இரண்டாம் உலகப்போரில் விடுதலை பெற்ற போர்க்கைதிகள் சிலர் உணவு கிடைத்த பின்னர் இறந்தமைக்கு இது காரணமாகக் கூறப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில், திரவ வடிவிலான தரங்குறைந்த புரதத்தை மட்டும் அருந்தி எடை குறைக்கும் முறை பரவியது. அதனைப் பின்பற்றியோரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அறிவிக்கப்பட்டு, அரசு எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கு முன்னர், கொழுப்பேறிய கல்லீரலைச் சுருக்குவதற்காக மருத்துவர்களே ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் குறைந்த ஆற்றல் கொண்ட திரவ உணவைப் பரிந்துரைப்பதுண்டு. சிகிச்சைக்குப் பின்னரும் சில வாரங்கள் திரவ உணவே தரப்படும். அதில் புரதம் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகின்றது, காலம் வரையறுக்கப்படுகின்றது, தேவைக்கேற்பக் குருதி சோதிக்கப்படுகின்றது. "எனக்கு மருத்துவரே சொன்னார்" என்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் கூறுவது உண்மையாக இருக்கலாம். கேட்பவர் கணக்கு, காலவரை, சோதனை ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு உணவை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அது வேறொரு அறிவுரையாகிவிடுகின்றது.

குடம்புளி

குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வளரும் மரத்தின் பழம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன்குழம்பில் இடப்படுகின்றது. இதன் தோலிலுள்ள ஐதராக்சிசிட்ரிக் அமிலம் 1965 ஆம் ஆண்டு மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்களால் இனங்காணப்பட்டது. சர்க்கரையிலிருந்து கொழுப்பு உருவாவதற்குத் தேவையான நொதியொன்றை இவ்வமிலம் தடுப்பது பின்னர் ஆய்வகத்தில் அறியப்பட்டது. இதனையே விளம்பரமாக்கி, 'கார்சீனியா' என்னும் பெயரில் குடம்புளிச் சாற்று மாத்திரைகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. ஊரில் அடுக்களைப் பரணில் கிடக்கும் புளி, புட்டியில் அடைக்கப்பட்டு அயல்நாட்டு மருந்தாகத் திரும்பி வந்த கதை இது.

ஆய்வகத்தில் நொதி தடுக்கப்படுவதும் மனிதர் எடை குறைவதும் ஒன்றல்ல. இதனைச் சோதிக்க 135 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1998 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. அனைவருக்கும் ஒரே குறைந்த ஆற்றல் உணவு தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் அமிலம் கொண்ட குடம்புளிச் சாறும் மற்றப் பிரிவினருக்கு மருந்துப்போலியும் கொடுக்கப்பட்டன. பன்னிரண்டு வாரங்களின் முடிவில் குடம்புளிப் பிரிவினர் சராசரியாக 3.2 கிலோகிராமும், மருந்துப்போலிப் பிரிவினர் 4.1 கிலோகிராமும் குறைந்திருந்தனர். வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று.

குடம்புளிப் பிரிவைச் சேர்ந்த எவரும் "இதைச் சாப்பிட்டேன், மூன்று கிலோ குறைந்தேன்" என்று நேர்மையாகச் சான்றுரைத்திருக்க முடியும். அச்சான்றில் பொய்யில்லை. ஆயினும் மாத்திரை வேலை செய்யவில்லை; குறைத்தது உணவுக் கட்டுப்பாடு. ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் இதனைக் கண்டறிய வழியே இருந்திருக்காது. குழம்பிலிடும் அளவில் குடம்புளி நெடுங்காலமாக உண்ணப்பட்டு வருவதாகும். செறிவூட்டிய மாத்திரைகளை உட்கொண்டோரில் கல்லீரல் பாதிப்புகள் அறிவிக்கப்பட்டுள்ளன.

அறுவை சிகிச்சைக்குப் பின்

இன்று பரவலாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகின்றது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கப்படுவதால், உணவு முன்சிறுகுடல் வழியே செல்வதில்லை. பைபாஸ் முறையை 1966 இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் அறிமுகப்படுத்தினார். சுவீடனில் 1987 இல் தொடங்கப்பட்ட ஆய்வொன்று அறுவை சிகிச்சை பெற்ற 2010 பேரையும் பெறாத 2037 பேரையும் பின்தொடர்ந்தது. சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007 இல் அது அறிவித்தது. சிகிச்சை ஆபத்தற்றது என்று இதற்குப் பொருளில்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இச்சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்துத் தமிழ்நாடு அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

மாற்றியமைக்கப்பட்ட உடலுக்குப் பொது அறிவுரைகள் பல பொருந்துவதில்லை. வெள்ளைச் சீனி கேடு, கருப்பட்டி நல்லது என்பது குமரி மாவட்டத்தில் பலரும் கூறுவது. கருப்பட்டியில் சிறிதளவு கனிமங்கள் உண்டு என்பது சரியே. ஆயினும் அதன் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோசுதான். பைபாஸ் செய்துகொண்டவர் கருப்பட்டிக் காப்பி அருந்தினால் சர்க்கரைக் கரைசல் விரைந்து சிறுகுடலை அடைந்து, சிறிது நேரத்தில் வியர்வை, படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். மருத்துவத்தில் இது டம்பிங் சின்ட்ரோம் எனப்படும். அவ்வாறே ஐபுப்புரோபென், டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பிடத்தில் புண் உண்டாக்கக்கூடும். ஸ்லீவ் செய்துகொண்ட ஒருவர் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கூறுவது பைபாஸ் செய்துகொண்டவருக்கு எதனையும் உணர்த்தாது.

உயிர்ச்சத்து மாத்திரைகள் தேவையில்லை என்னும் அறிவுரையே இவற்றுள் மிக ஏமாற்றக்கூடியது. உயிர்ச்சத்து பி12 கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். மாத்திரையை நிறுத்தியவர் இரண்டு ஆண்டுகள் நலமாகவே இருந்து, அதனைக் குழுவில் சொல்லவும் செய்வார். குறைபாட்டின் அறிகுறிகள் அதற்குப் பின்னரே தோன்றலாம். நரம்புப் பாதிப்பு சில வேளைகளில் முழுமையாக மீள்வதில்லை. தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 இதற்கு நேர்மாறானது. அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவரிடம் "எல்லோருக்கும் அப்படித்தான், பழகிவிடும்" என்று ஆறுதல் கூறுவது, நடைதடுமாற்றமும் மனக்குழப்பமும் கொண்ட வெர்னிக்கே மூளைநோயில் கொண்டுவிடலாம். தயமின் கொடாமல் குளுக்கோசு மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும்.

மீண்டும் எடை கூடியவர்கள் சில நாட்கள் திரவ உணவு மட்டும் உட்கொண்டால் விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்பது குழுக்களில் உலவும் மற்றொரு நம்பிக்கை. இரைப்பைப் பை அவ்வாறு சுருங்குவதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. சில நாட்களில் குறைவது பெரும்பாலும் நீரே. முடி உதிர்வுக்குப் பரிந்துரைக்கப்படும் பயோட்டின், பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயன்தரும் என்பதற்கான சான்றும் வலுவற்றது. அதிக அளவு பயோட்டின், மாரடைப்பைக் கண்டறியும் துரோப்போனின் சோதனை உள்ளிட்ட சில ஆய்வக முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 இல் எச்சரித்தது.

ஆதரவுக் குழுக்களின் இயல்பு

குழுக்களால் பயனில்லை என்று கூறுவது தவறு. சிறு கவளமாக உண்பது, விருந்தில் வற்புறுத்தலை மறுப்பது, தொய்ந்த தோலைக் கண்டு மனம் தளராதிருப்பது முதலியவற்றை அனுபவித்தவரே நன்கு சொல்ல இயலும். "நான் இவ்வாறு சமாளித்தேன்" என்பது ஒருவகைக் கூற்று. "இதனால்தான் இது நிகழ்ந்தது, உனக்கும் நிகழும்" என்பது வேறுவகை. முதலாவதற்கு அனுபவம் போதும். இரண்டாவதற்கு ஒப்பீடு வேண்டும். மேலும், நலமடைந்தோர் தொடர்ந்து வருவர். எடை திரும்பக் கூடியவர்களும் சிக்கல் நேர்ந்தவர்களும் வெட்கத்தாலோ சோர்வாலோ நின்றுவிடுவர். எனவே குழுவில் கேட்கும் கதைகளின் சராசரி, சிகிச்சை பெற்ற அனைவரின் சராசரி ஆகாது.

அறிவுரையைக் கேட்பவர், சொன்னவர் எவ்வகை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், எத்தனை ஆண்டுகள் ஆயின, வேறு என்ன மருந்துகள் உட்கொள்கின்றார், அறிவுரையுடன் ஏதேனும் விற்கின்றாரா என்பவற்றை அறிந்துகொள்வது பயன்தரும். நீரிழிவு, குருதி அழுத்த மருந்துகளின் அளவு சிகிச்சைக்குப் பின் விரைவில் மாறுவதால், பிறருடைய அளவைப் பின்பற்றுவது குறிப்பாக ஆபத்தானது.

சட்டம்

மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954 இன் அட்டவணையில் உடற்பருமனும் இடம்பெற்றுள்ளது. இதனைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது முதன்முறை ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். விளம்பரத்தைத் தடுக்கும் இச்சட்டம், ஒருவர் தம் நண்பருக்குச் சொல்லும் அறிவுரையை எட்டுவதில்லை. சிபுத்திரமின் என்னும் எடைக் குறைப்பு மருந்து, இதயநோய் ஆபத்தினால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, 2011 இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் 'முழுவதும் மூலிகை' என்று விற்கப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் அறிவிக்கப்படாமல் அது கலந்திருந்தது பல நாடுகளின் ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டது. அவற்றை உட்கொண்டவர்களுக்கு எடை குறைந்திருக்கவும் கூடும், குறைத்தது மூலிகையன்று.