காலிக் கப்பலில் கைவிலங்கு எதுக்கு?

அட்லாண்டிக் கடல்ல நடந்த அடிமை வியாபாரத்தை பிரிட்டிஷ் கடற்படை நிறுத்தப் பார்த்த கதைதான் இன்னிக்கு எபிசோட். இதைப் பெரும்பாலும் பீரங்கிச் சண்டைக் கதையா சொல்லுவாங்க. ஆனா யார் தப்பிச்சாங்க, யார் மாட்டினாங்கன்னு தீர்மானிச்சது பல நேரம் ஒப்பந்தத்துல இருந்த வாசகம்தான்.

பின்னணியை வேகமா பார்த்துடலாம். 1807ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. வியாபாரத்தை மட்டும்தான்; அவங்க காலனிகள்ல அடிமை முறை 1830கள் வரை தொடர்ந்தது. 1808ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ரோந்துக் கப்பல்கள் போச்சு. அவ்வளவு நீளமான கரைக்கு முதல்ல ரெண்டே ரெண்டு கப்பல்!

நெப்போலியன் போர் நடந்த வரைக்கும் பிற நாட்டுக் கப்பலை நிறுத்திச் சோதிக்க போர்க்கால உரிமை இருந்துச்சு. போர் முடிஞ்சதும் அது போயிடுச்சு. 'லெ லூயி'ங்கிற பிரெஞ்சுக் கப்பலைப் பிடிச்ச வழக்குல, 1817ல், பிரிட்டிஷ் நீதிபதி வில்லியம் ஸ்காட் தன் நாட்டுக் கடற்படைக்கு எதிராவே தீர்ப்பு சொன்னார். சமாதான காலத்துல, நடுக்கடல்ல, இன்னொரு நாட்டுக் கொடி பறக்கிற கப்பலைச் சோதிக்க அதிகாரம் கிடையாது.

அப்போ என்ன வழி? ஒவ்வொரு நாட்டுகிட்டயும் தனித்தனியா கையெழுத்து வாங்கணும். போர்ச்சுகலும் ஸ்பெயினும் அதே 1817ல் கையெழுத்து போட்டன. ஸ்பெயினுக்கு மட்டும் பிரிட்டன் 4 லட்சம் பவுண்ட் கொடுத்தது. பிடிபட்ட கப்பல்களை விசாரிக்க ஃப்ரீடவுன், ஹவானா, ரியோ டி ஜெனிரோ மாதிரி ஊர்கள்ல ரெண்டு நாட்டு நீதிபதிகளும் உட்காரும் கூட்டு நீதிமன்றங்கள் வந்தன.

ஆனா இந்த ஒப்பந்தங்கள்ல ஒரு பெரிய ஓட்டை. கப்பலுக்குள்ள அடிமைகள் இருந்தால் மட்டும்தான் பிடிக்கலாம். யோசிச்சுப் பாருங்க: கரையோரமா ஒரு கப்பல் நிக்குது. உள்ளே விலங்குகள் தயாரா இருக்கு. எதுக்கு வந்திருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மக்களை ஏத்துற வரைக்கும் கேப்டன் கையைக் கட்டிட்டு நிக்கணும். ஏத்தின பிறகு துரத்தணும்.

வெகுமதியும் அப்படித்தான். மீட்ட தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஆரம்பத்துல ஆணுக்கு 60 பவுண்ட், பெண்ணுக்கு 30, குழந்தைக்கு 10. காலிக் கப்பல்னா தலைக்கணக்கு பூஜ்யம். எந்த நம்பரை வெச்சு போனஸ் தர்றாங்களோ, டீம் அந்த நம்பரைத்தான் துரத்தும். ஐடில இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

துரத்துறதும் சுலபம் இல்ல, அடிமைக் கப்பல்கள் அவ்வளவு வேகம். அதனால பிடிபட்ட 'ஹென்ரிக்கெட்டா'ங்கிற அடிமைக் கப்பலையே கடற்படை வாங்கி, 'பிளாக் ஜோக்'னு பேர் மாத்தி ஓட்டுச்சு. 1829 பிப்ரவரியில அது 'எல் அல்மிராண்டே'ங்கிற கப்பலைப் பிடிச்சப்போ உள்ளே 466 பேர் இருந்தாங்க. அவங்க ஏற்கனவே அடைபட்டுக் கிடந்ததாலதான் அந்தப் பிடிப்பே செல்லும்!

1835ல் ஸ்பெயினோட போட்ட புது ஒப்பந்தம்தான் இந்த ஓட்டையை அடைச்சது. விலங்குகள், ரெண்டாவது தளம் போட பலகைகள், மாலுமிகளோட தேவைக்கு மிஞ்சின தண்ணீர் பீப்பாய்கள், பெரிய சமையல் அண்டா. இதுல ஒண்ணு கிடைச்சாலே போதும், கப்பலைப் பிடிக்கலாம். குற்றம் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கப்பல்காரன் பாடு.

வியாபாரிகள் என்ன பண்ணாங்க? கொடியை மாத்தினாங்க. ஸ்பெயின் கொடியை இறக்கி போர்ச்சுகல் கொடி. 1839ல் பிரிட்டன் தானே சட்டம் போட்டு போர்ச்சுகல் கப்பல்களையும் பிடிக்க ஆரம்பிச்சதும், அமெரிக்கக் கொடி. தன் கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படை சோதிப்பதை அமெரிக்கா ரொம்ப காலம் ஒத்துக்கவே இல்ல. முன்னாடி இதே கடற்படை அவங்க கப்பல்கள்ல ஏறி மாலுமிகளை இழுத்துட்டுப் போன கோபம் அவங்களுக்கு. கடைசியில 1862ல், உள்நாட்டுப் போருக்கு நடுவுல, லிங்கன் அரசு கையெழுத்து போட்டது. அடுத்த சில வருஷத்துல கியூபாவுக்குப் போன வியாபாரமும் அடங்கிடுச்சு.

மொத்தக் கணக்கு என்ன? சுமார் 1,600 கப்பல்கள் பிடிபட்டன, ஏறக்குறைய 1.5 லட்சம் பேர் மீட்கப்பட்டாங்க. அதே காலத்துல ஆப்பிரிக்காவில் இருந்து அட்லாண்டிக் கப்பல்கள்ல ஏத்தப்பட்டவங்க சுமார் 30 லட்சம். அதாவது இருபதில் ஒருத்தர்.

மீட்கப்பட்டதும் நேரா விடுதலைன்னு நினைக்காதீங்க. ஃப்ரீடவுனில் பலரைப் பல வருஷம் 'பயிற்சி வேலையாட்கள்'னு ஒப்படைச்சாங்க. சிலரைப் பட்டாளத்துல சேர்த்தாங்க. ஹவானாவில் மீட்கப்பட்டவங்க நிலைமை அடிமை நிலைமையை விட ரொம்ப மேல இல்ல. இதுக்கு நடுவுலயும் 1822ல் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல்ல இருந்து மீட்கப்பட்ட யோருபா சிறுவன் சாமுவேல் அஜாயி க்ரவுதர், பின்னாடி ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார்.

அந்தக் கூட்டு நீதிமன்றங்கள் மீட்கப்பட்டவங்களோட பேர், வயசு, உயரம், உடம்புல இருந்த அடையாளம்னு பதிவேட்டுல எழுதி வெச்சாங்க. இன்னிக்கு அதுல இருந்து 91,491 பேரோட விவரம் இணையத்துல ஒரு டேட்டாபேஸா இருக்கு. அடிமைக் கப்பலோட சரக்குக் கணக்குல தலைக்கு ஒரு எண்தான் இருக்கும். இந்தப் பதிவேட்டுல அவங்க வாயால சொன்ன பேர், குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி இருக்கு. அந்தப் பேர் எந்த ஊர், எந்த மொழின்னு கண்டுபிடிக்க ஆப்பிரிக்க மொழிகள் பேசுறவங்ககிட்ட உதவி கேட்டாங்க. நேரம் கிடைச்சா ஒரு நாலு பேரையாவது தேடிப் படிச்சுப் பாருங்க.