மிஸ்ஸிஸிப்பியின் கோடைப் பள்ளிகள்

கோடை வந்ததும் கலாசாலைகள் கதவடைக்கின்றன. மாணவர் ஊர் திரும்புகின்றனர். சிறுவரோ பொழுதைக் கழிக்க வழியின்றித் தெருவில் திரிகின்றனர். இவ்விருவரையும் ஓரிடத்தில் சேர்த்தால் என்ன என்னும் எண்ணம் பல நாடுகளிலும் பலருக்குத் தோன்றியதுண்டு. நாம் இங்கே கூற முற்படுவது, அவ்வெண்ணத்தைச் செயலாக்க முனைந்தோர் உயிரையே பணயம் வைக்க நேர்ந்த 1964-ஆம் ஆண்டுக் கோடையின் வரலாறு.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் அந்நாளில் கறுப்பினச் சிறுவர்க்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. வெள்ளையர் குழந்தைக்குச் செலவிட்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே கறுப்பினக் குழந்தைக்குக் கிடைத்தது. பருத்தி விளையும் பகுதியில் இப்பள்ளிகள் கோடையிலும் நடைபெறும். அறுவடைக் காலத்தில் மூடப்படும். பருத்தி எடுக்கக் கைகள் வேண்டுமல்லவா?

இச்சிறுவர்க்குக் கோடையில் வேறு வகையான பள்ளி வேண்டும் என 1963 டிசம்பரில் திட்டம் வகுத்தவர் சார்லஸ் காப் என்ற இளைஞர். ஹோவர்டு பல்கலைக் கழகப் படிப்பை நிறுத்திவிட்டு, அகிம்சை வழியில் போராடிய மாணவர் குழுவொன்றில் தொண்டாற்றியவர். அக்குழு 1960-இல் தோன்றியபோது அதன் கொள்கை அறிக்கையை வரைந்த ஜேம்ஸ் லாசன், நம் நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் ஏறத்தாழ மூன்றாண்டு பணியாற்றி, காந்தியடிகளின் நெறியைப் பயின்று சென்றவர். நாகபுரியில் வாழும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

1964 ஜூன் மாதத்தில், ஒஹையோ மாநிலத்து மகளிர் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் கலாசாலை மாணவர்கள் பயிற்சிக்குக் கூடினர். பெரும்பாலோர் வடமாநில வெள்ளையர். இதற்கிடையே, மிஸ்ஸிஸிப்பியில் இப்பள்ளிக்கென இடம் தர இசைந்திருந்த மவுண்ட் சையன் மாதா கோயில் தீக்கிரையாயிற்று. ஜூன் 21-ஆம் நாள் அதைப் பார்க்கச் சென்ற ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர், ஆண்ட்ரூ குட்மன் மூவரும் திரும்பவில்லை. குட்மன் இருபது வயது மாணவர். மிஸ்ஸிஸிப்பியில் அதுவே அவருக்கு முதல் முழு நாள். மூவரையும் காணவில்லை என்ற செய்தி பயிற்சி முகாமை எட்டியது. வீடு திரும்ப விரும்புவோர் திரும்பலாம் என்று தலைவர்கள் கூறினர். பெரும்பாலோர் தெற்கு நோக்கியே பேருந்து ஏறினர்.

ஆயிரம் பேர் படிக்க வருவர் என்று எதிர்பார்த்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தோன்றின. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென வகுத்த திட்டம். எனினும் சிறு குழந்தைகளும் வந்தனர், முதியோரும் வந்தனர். மாதா கோயில் நிலவறைகளிலும் மரத்தடியிலும் வகுப்புகள் நடந்தன. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன், அரசுப் பள்ளி கற்பிக்காத தம் இன வரலாற்றையும் கற்றனர். ஆனால் அப்பள்ளிகளின் உயிர்நாடி பாடங்களன்று, வினாக்களே என்பது நம் கருத்து. பெரும்பான்மையோரிடம் உள்ளவற்றில் நாம் விரும்புவது எது? நம்மிடம் உள்ளவற்றில் இழக்கக் கூடாதது எது? இவ்வாறெல்லாம் கேட்டுவிட்டு, விடையை மாணவரிடமே விட்டனர். தாய்மொழி வழங்காத ஊரில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்க்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

மக்கோம்ப் நகரில் தொண்டர்கள் தங்கிய வீடு ஜூலை மாதத்தில் வெடிகுண்டுக்கு இலக்காயிற்று. அஞ்சிய மாதா கோயில்கள் இடம் தர மறுக்கவே, சேதமுற்ற அவ்வீட்டின் புறத்தே வகுப்பு நடந்தது. பதினாறு வயது மாணவி ஒருத்தி இதுபற்றி ஒரு கவிதை எழுதி ஊராரை வெட்கப்படச் செய்தாள். அதன் பின்னரே ஒரு மாதா கோயிலின் கதவு திறந்தது.

காணாமற்போன மூவரின் உடல்களும் ஆகஸ்டு 4-ஆம் நாள் கண்டெடுக்கப்பட்டன. சேனியின் ஊரான மெரிடியனில் அவரை அடக்கம் செய்த அந்நாட்களில், அதே ஊரில் பழைய சமயக் கல்லூரிக் கட்டடத்தில் இப்பள்ளிகளின் மாணவப் பிரதிநிதிகள் கூடினர். வீட்டுவசதி, கல்வி, மருத்துவம் குறித்துத் தாமே விவாதித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினர்.

கொலை நிகழ்ந்த வட்டாரத்தின் பிலடெல்பியா என்ற சிற்றூரில், அவ்விலையுதிர் காலத்தில் சில மாணவர் வாக்குரிமை கோரும் சின்னம் அணிந்து பள்ளிக்குச் சென்று தண்டிக்கப்பட்டனர். பெற்றோர் வழக்காடினர். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பேச்சுரிமையை நிலைநாட்டியபோது அத்தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது.

1990-களில், மரியன் ரைட் எடெல்மன் தலைமையிலான குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் அதே பெயரில் கோடைப் பள்ளிகளைத் தொடங்கியது. அங்கே கலாசாலை மாணவரே ஆசிரியர். நூல் வாசிப்பே முதன்மை. அப்பள்ளிகளிற் சில, விடுமுறையில் பூட்டிக் கிடக்க வேண்டிய கலாசாலை அறைகளில் நடைபெற்று வந்துள்ளன.