பகிர்ந்த தலைமை: அமெரிக்க நகரப் பள்ளிகளின் அனுபவம்

பாடத்திட்டம், பணியமர்த்தல், செலவு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைத் தலைமையாசிரியர் ஒருவரே தீர்மானிக்காமல் ஆசிரியர்களோடு சேர்ந்து தீர்மானிக்கும் ஏற்பாடே பகிர்ந்த தலைமை. அமெரிக்கப் பெருநகரங்களில் இது 1960களின் இறுதியிலிருந்து பல வடிவங்களில் முயன்று பார்க்கப்பட்டது. பேச்சளவில் எல்லோருக்கும் பிடித்த இந்த யோசனை, நடைமுறையில் தலைமையாசிரியரின் வேலையைக் குறைத்ததில்லை, பெரும்பாலும் கூட்டியிருக்கிறது.

தொடக்க முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது நியூ ஹேவன் நகரில் நடந்தது. யேல் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968இல் அங்குள்ள இரண்டு தொடக்கப்பள்ளிகளில் பணியைத் தொடங்கினார். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரைக் கொண்ட திட்டக்குழு பள்ளியை வழிநடத்தியது. யார் மீதும் பழி போடக் கூடாது, வாக்கெடுப்புக்குப் பதில் ஒத்த கருத்துக்கு வர வேண்டும், தலைமையாசிரியரின் கையைக் குழு கட்டிப்போடக் கூடாது, குழுவைத் தலைமையாசிரியர் ஒதுக்கவும் கூடாது. விதிகள் அவ்வளவுதான்.

சிகாகோவில் இந்த மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1987 செப்டம்பரில் தொடங்கிய ஆசிரியர் வேலைநிறுத்தம் 19 பள்ளி நாட்கள் நீடித்தது. பெற்றோரின் கோபம் கல்வி வாரியம், ஆசிரியர் சங்கம் இரண்டின் மீதும் திரும்பியது. அன்றைய அமெரிக்கக் கல்வித் துறைச் செயலர் வில்லியம் பென்னட், சிகாகோ பள்ளிகளே நாட்டில் மிக மோசமானவை என்று சொல்லி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். மறு ஆண்டே இலினாய் மாநில சட்டமன்றம் சிகாகோ பள்ளிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 1989இல் நகரின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தத்தம் உள்ளூர்ப் பள்ளி மன்றத்தைத் தேர்ந்தெடுத்தன. மன்றத்தில் ஆறு பெற்றோர், பகுதிவாசிகள் இருவர், ஆசிரியர்கள் இருவர், தலைமையாசிரியர். உயர்நிலைப் பள்ளியென்றால் கூடவே ஒரு மாணவர்.

தலைமையாசிரியரின் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு போயிற்று. நான்காண்டு ஒப்பந்தத்தில் அவரை அமர்த்துவதும் நீட்டிப்பதும் மன்றத்தின் கைக்கு வந்தன. அதுவரை மேலிடத்தின் முகத்தைப் பார்த்து நடந்தவர், இனித் தன் பள்ளியின் வாசலைப் பார்த்தாக வேண்டும். ஈடாக, காலியிடங்களைப் பணிமூப்பைப் பொருட்படுத்தாமல் நிரப்பும் உரிமை அவருக்குக் கிடைத்தது. ஆசிரியர்களுக்கோ மன்றத்தில் இரண்டு இடங்களும், பாடங்கள் குறித்துக் கருத்துச் சொல்ல ஓர் ஆலோசனைக் குழுவும். காகிதத்தில் பார்த்தால் இது சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பெரிதாக்குவதும் பெயரளவில் வைத்திருப்பதும் பெரிதும் தலைமையாசிரியரைப் பொறுத்ததாயிற்று.

இதனால்தான் ஒரே சட்டத்தின் கீழ் பள்ளிகள் வெவ்வேறு திசையில் போயின. ஆந்தனி பிரைக் தலைமையிலான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, 1990களின் முற்பாதியில் நன்கு முன்னேறிய நூறு தொடக்கப்பள்ளிகளையும் தேங்கிய நூறு பள்ளிகளையும் ஒப்பிட்டது. ஆசிரியர்களின் திறன், பெற்றோர் உறவு, கற்கும் சூழல், பாட ஒழுங்கு ஆகிய நான்கையும் இயக்கியது தலைமைதான் என்றும், அந்தத் தலைமை ஆசிரியர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டதாக இருக்க வேண்டும் என்றும் அது முடிவு கண்டது. பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் வெளியிட்ட நூல் இன்னும் கூர்மையானது. பெரியவர்களுக்கிடையே வலுவான நம்பிக்கை நிலவிய பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறக்கூடியதாக இருந்தது. நம்பிக்கை பலவீனமான பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றுதான்.

நம்பிக்கை என்பது நல்ல வார்த்தை. அது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் எப்படி இருக்கும்? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்பிலேன் குழுவினர் சிகாகோ பள்ளிகளில் இதைத்தான் உட்கார்ந்து கவனித்தனர். ஆடம்ஸ் என்ற புனைபெயரில் அவர்கள் விவரிக்கும் பள்ளியில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேர்வு நடக்கும். வாசிப்பு ஒருங்கிணைப்பாளர் வினாத்தாளை உருவாக்குவார், விடைகளை அலசுவார், தலைமையாசிரியருடன் பேசுவார். பிறகு இருவரும் ஆசிரியர்களைக் கூட்டி, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று காட்டுவார்கள். தீர்வுகள் ஆசிரியர்களிடமிருந்தும் வரும். அதே பள்ளியில் வகுப்பு தொடங்குமுன் கூடும் காலைச் சிற்றுண்டிக் குழு ஒன்றும் இருந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் படித்து வர, ஆசிரியர் ஒருவரே விவாதத்தை நடத்துவார். பதவிப் பட்டியலில் பெயர் ஏறாமலே தலைமை இப்படிக் கைமாறியது. எவரிடம் என்ன பொறுப்பு என்பதைவிட, வேலையின் நடுவே அவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்பியிருக்கிறார்கள் என்பதையே ஸ்பிலேன் முதன்மையாகக் கொண்டார். வசதியான கோட்பாடுதான், ஆனால் சம்பளமும் நேரமும் கூடாமல் வேலை மட்டும் கூடும் ஆசிரியருக்கு அது அரைப் பதில்.

சட்டம் கொடுத்ததைச் சட்டமே திரும்ப வாங்கவும் செய்தது. 1995இல் சிகாகோ பள்ளிகள் மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் பிடிக்குள் வந்தன. மன்றங்கள் நீடித்தன, ஆனால் தேர்வு மதிப்பெண் குறைந்து கண்காணிப்பில் வைக்கப்பட்ட பள்ளிகளில் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மன்றத்தின் கையை விட்டுப் போயிற்று.

பள்ளிகளின் கையில் அதிகாரத்தைக் கொடுப்பதில் பாஸ்டன் இன்னும் தொலைவு போனது. 1994இல் நகரப் பள்ளி நிர்வாகமும் ஆசிரியர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முன்னோடிப் பள்ளிகள் எனப்பட்டவை வரவு செலவு, பணியாளர், பாடத்திட்டம், நாட்காட்டி, நிர்வாக அமைப்பு ஆகியவற்றைத் தாங்களே முடிவு செய்யலாம். அவற்றில் புகழ்பெற்றது மிஷன் ஹில் பள்ளி. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1974இல் ஆசிரியர்களே வடிவமைத்து நடத்திய பள்ளியைத் தொடங்கிப் பெயர் பெற்ற டெபோரா மையர் இதையும் 1997இல் நிறுவினார். முக்கிய முடிவுகளை ஆசிரியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்தார்கள். அவர் விலகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, மாணவர் பாதுகாப்பு தொடர்பான புகார்களைப் பள்ளி சரிவரக் கையாளவில்லை என்று வெளியார் விசாரணை கண்டது. 2022இல் நகரப் பள்ளிக் குழு அதை மூட வாக்களித்தது. மற்ற முன்னோடிப் பள்ளிகள் பல அதே உடன்பாட்டின் கீழ் தொடர்ந்து நடந்தன.