எலும்பு விழுங்கியும் பத்தாயிரம் பெண்களும்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொல்லி நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். நம்ம கூட்டமைப்பு வளர்ந்த வரலாற்றை மற்ற அக்காமார்கள் இதே மலரில் நல்லா எழுதியிருக்காங்க. நான் எழுதப்போவது அஸ்ஸாம் மாநிலத்துப் பெண்கள் ஒரு பறவையையும் அது கூடு கட்டும் மரங்களையும் காப்பாற்றிய வரலாறு. அதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு காலத்தில் கூடு இருந்த மரத்தை வெட்டச் சொன்னவள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க வீட்டுக் கொல்லையில் மாமனார் காலத்துப் புளியமரம் ஒன்று நின்றது. ஐப்பசி மழை விழுந்து கண்மாய் பெருகிவிட்டால் கொக்கும் நீர்க்காக்காயும் அதில் வந்து கூடு கட்டும். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அழகாத்தான் இருக்கும். அடியில் குடியிருக்கிறவங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். வாசல் முழுக்க எச்சம். காயப்போட்ட சேலையில் எச்சம். குஞ்சு கக்கின மீன் அரைகுறையாக் கிடந்து நாறும், அதுக்கு ஈ மொய்க்கும். அத்தைக்கு இளைப்பு வேற. 2001-ஆம் வருசம் மார்கழியில் மரவியாபாரி ஒருத்தர் வந்து விலை கேட்டார். வீட்டுக்காரர் யோசித்தார். "குடுத்துருவோம்"னு சொன்னது நான்தான். காசுக்குத் தேவை இருந்தது. தினமும் கூட்டி அள்ளுவதும் என் தலையில்தான் விழுந்தது.

மரம் சாய்ந்தபோது குஞ்சுகள் சிதறி விழுந்தன. சிலது அப்போதே செத்துப்போச்சு. சிலது இறகு முளைக்காத உடம்போடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் விளக்குமாறை எடுத்து வாசலைக் கூட்டினேன். தாய்ப் பறவைகள் இரண்டு நாள் அந்த வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. மூன்றாம் நாள் வரவில்லை.

இது சொல்லவேண்டிய சங்கதி என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. சில வருசத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் அஸ்ஸாம் பெண்களைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள். மரம் விழுந்து குஞ்சுகள் கீழே கிடந்த கதையைச் சொன்னபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பறவைக்கு அஸ்ஸாமில் ஹர்கிலா என்று பெயர். எலும்பை விழுங்குவது என்று அர்த்தம். நாரை இனத்தில் மிகப் பெரியவற்றில் ஒன்று. நின்றால் ஏறக்குறைய ஐந்தடி உயரம், நம்மில் பாதிப்பேர் அளவு. இறக்கையை விரித்தால் எட்டடி வரும். தலையில் முடி கிடையாது, கழுத்தில் ஒரு தோல்பை தொங்கும், அலகு பெரிய ஆப்பு மாதிரி இருக்கும். மீன், தவளை, பாம்பு, எலி, செத்த மாடு, எலும்பு எல்லாம் தின்னும். குப்பைமேட்டில் கூட்டமாக நிற்கும். அழகான பறவை என்று பொய் சொல்ல மாட்டேன். மயிலைக் காப்பாத்துங்கன்னு சொன்னா பத்துப்பேர் வருவாங்க, இதுக்கு யார் வருவாங்க?

ஒரு காலத்தில் இதற்கு மரியாதை இருந்திருக்கிறது. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கல்கத்தாவில் தெருக்குப்பையைத் தின்று தீர்த்ததே இந்தப் பறவைதான். மாளிகைக் கூரைகளில் வரிசையாக நிற்குமாம். இதைக் கொன்றால் ஐம்பது ரூபாய் அபராதம் என்று வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஐம்பது ரூபாய்! கல்கத்தா நகரின் பழைய சின்னத்திலேயே பாம்பைக் கவ்விய இரண்டு ஹர்கிலாக்கள் உண்டு. பிறகு சதுப்பு நிலங்கள் குறைந்தன, பெரிய மரங்கள் போயின. கல்கத்தாவில் இந்தப் பறவையே இல்லாமல் ஆனது. கடைசியில் உலகத்திலேயே மூன்று இடங்களில்தான் குஞ்சு பொரித்தது: அஸ்ஸாம், பீகாரில் பாகல்பூர் பக்கம், கம்போடியா. வளர்ந்த பறவைகள் எல்லாம் சேர்ந்தே 1,200-க்குள்தான் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள்.

அஸ்ஸாமில் இவை கூடு கட்டுவது காட்டில் இல்லை. ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்ப மரத்திலும் இலவ மரத்திலும்தான் கட்டும். மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர் வந்ததே, அந்தக் கடம்பு. மரம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். காடாக இருந்தால் வேலி போடலாம், வாட்சர் போடலாம். ஒருத்தர் கொல்லை மரத்துக்கு யார் காவல் நிற்பது? அந்த வீட்டுப் பொம்பளைதான் நிற்கணும். அவளுக்கோ எச்சம் கூட்டி அள்ளியே இடுப்பு ஒடிகிறது.

பூர்ணிமா தேவி பர்மன் சின்ன வயசில் பிரம்மபுத்திரா கரையில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பாட்டி விவசாயி. வயலுக்கும் நீர்நிலைக்கும் பேத்தியைக் கூட்டிப்போய் நாரைகளைக் காட்டி, பாட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பூர்ணிமா விலங்கியல் படித்து, ஹர்கிலாவைப் பற்றியே முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய இறங்கினார். 2007-ல் காம்ரூப் மாவட்டத்தில் தாதரா என்ற கிராமத்தில் ஒருவர் தன் மரத்தை வெட்டுவதாகக் கேள்விப்பட்டு ஓடினார். மரம் விழுந்துவிட்டது. ஒன்பது குஞ்சுகள் கீழே கிடந்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஊரே கூடி அவரைச் சுற்றிக்கொண்டது. சீட்டி அடித்துக் கேலி செய்தார்கள். இது அபசகுனப் பறவை, நாற்றம் பிடிச்சது, நோய் கொண்டாரும், உனக்கு அவ்வளவு அக்கறைன்னா வந்து எங்க வீட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணு என்றார்கள்.

அந்தச் சமயம் அவருக்கு இரண்டு வயசில் இரட்டைப் பெண் குழந்தைகள். கீழே கிடந்த குஞ்சுகளைப் பார்த்ததும் தன் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்ததாம்.

இந்த இடத்தில் நான் ஊர்க்காரர் பக்கமும் கொஞ்சம் பேசணும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்க வீட்டு வாசலில் யாராவது படிச்ச பொண்ணு வந்து நின்று "ஏங்க வெட்டுனீங்க"ன்னு கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இதைவிடக் கூடவே சொல்லியிருப்பேன்.

பூர்ணிமா ஆராய்ச்சிப் படிப்பை ஒத்திவைத்தார். ஊர் மனசு மாறாமல் பறவையைப் பற்றி எழுதி என்ன பிரயோசனம் என்று நினைத்தார். அவரிடம் இருந்த பெரிய திறமை படிப்புதான். இந்தப் பறவை எத்தனை முட்டையிடும், எப்போது பொரிக்கும் என்று அவருக்கு அத்துபடி. ஆனால் தாதராவில் அந்தத் திறமைக்கு ஐந்து பைசா மதிப்பு இல்லை. பறவை விவரம் சொன்னால் யாரும் கேட்கவில்லை. கூட்டம் போட்டால் ஆம்பளைங்க நாலுபேர் வருவாங்க, பொம்பளைங்க வரமாட்டாங்க. அவங்களுக்கு அடுப்பு இருக்கு, மாடு இருக்கு. குழு ஆரம்பித்த காலத்தில் ஊக்குநராக இருந்த அக்காமார்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் நம்ம பக்கம் வந்து சேர்ந்தபோது, இருபது ரூபாய் சேமிப்புக்காக ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை நடந்திருப்போம்!

அவர் செய்தது திரும்பத் திரும்பப் போனதுதான். பெண்கள் கூட்டத்துக்கு வராததால், அவர்கள் வருகிற மாதிரி சமையல் போட்டி வைத்தார். அங்கே பிட்டா என்று அரிசிமாவுப் பலகாரம் உண்டு, அது செய்வதில் யார் கைப்பக்குவம் உசத்தி என்று போட்டி. பலகாரத்துக்கு வந்த இடத்தில் பறவையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவது. மரம் வைத்திருக்கிற குடும்பங்களை ஊர் நடுவில் மேடையேற்றி, அஸ்ஸாம் வழக்கப்படி கமோசா துண்டு போட்டு மரியாதை செய்தார். திட்டின இடத்தில் மரியாதை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்க வீட்டு மரத்துக்காக யாராவது என் மாமனாருக்கு ஒரு துண்டு போட்டிருந்தால், அதை வெட்ட அவர் மகனுக்கு மனசு வந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் வளைகாப்பு. ஹர்கிலா கூடு கட்டுகிற காலத்தில், கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்கிற சடங்கைப் பறவைக்குச் செய்தார்கள். பாட்டும் படையலுமாக ஊர்ப் பெண்கள் கூடினார்கள். முதலில் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் யோசித்தால் விஷயம் புரிந்தது. சூல் கொண்டவளை யாரும் வீட்டைவிட்டு விரட்ட மாட்டார்கள்.

அஸ்ஸாம் கிராமங்களில் பெண்கள் தறி நெய்வது பரம்பரை வழக்கம். அந்தப் பெண்களுக்குத் தறியும் நூலும் ஏற்பாடு செய்து, சேலையிலும் மேகலா சாதரிலும் கமோசாவிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்க வழி செய்தார். எச்சம் கூட்டினவளுக்கு அதே பறவையால் கையில் நாலு காசு வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. நம்ம குழுவிலும் உள்கடன் கொடுக்க ஆரம்பித்த பிறகுதானே வீட்டு ஆம்பளைங்க "கூட்டத்துக்குப் போயிட்டு வா"ன்னு சொன்னாங்க!

கூட்டிலிருந்து விழும் குஞ்சுகள் சாகாமல் இருக்க மரத்தடியில் வலை கட்டினார்கள். அடிபட்ட குஞ்சுகளைக் குவாஹாட்டி விலங்கியல் பூங்காவில் வைத்தியம் பார்த்துப் பறக்கவிட்டார்கள். 2017-ல் மூங்கிலால் உயரமான மேடை கட்டி, அதில் பறவை கூடு கட்டுமா என்று பார்த்தார்கள். உடனே நடந்துவிடவில்லை. ஒன்றிரண்டு வருசம் பொறுத்த பிறகுதான் அந்த மேடையில் முதல் குஞ்சுகள் பொரித்தன. மேடை கட்டி ஒரு வருசம் சும்மா கிடந்தால் நம்ம ஊரில் என்ன பேச்சுப் பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

இந்தப் பெண்களுக்கு ஹர்கிலா படை என்று பெயர். நாரைத் தலை மாதிரித் தொப்பி செய்து தலையில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கைவிட்டு எண்ணக்கூடிய சில பேர், பிறகு பத்தாயிரத்துக்கும் மேல். தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 கூடுகள் இருந்தது 250-க்கு மேல் ஆனது. கூடு மரங்களுக்குப் பக்கத்திலும் நீர்நிலை ஓரத்திலும் 45,000 கன்றுகள் நட்டிருக்கிறார்கள். ஒத்திவைத்த முனைவர் பட்டத்தைப் பூர்ணிமா 2019-ல் வாங்கினார், பன்னிரண்டு வருசம் கழித்து. 2022-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் உயரிய விருதைக் கொடுத்தது. 2023-ல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் என்ற நிலையிலிருந்து இரண்டு படி தேறியதாக இந்தப் பறவையை உலகப் பட்டியலில் மாற்றி எழுதினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. குவாஹாட்டியை ஒட்டிய தீபோர் பீல் என்ற பெரிய ஏரியை நகரம் நெருக்குகிறது. மீன் தின்னவேண்டிய பறவை குப்பையைக் கிளறுகிறது. மரத்தைக் காப்பாற்றின பெண்களால் ஏரியையும் காப்பாற்ற முடியுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

நம்ம சிவகங்கை மாவட்டத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. திருப்பத்தூர் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் நாரைகளும் கொக்குகளும் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977-ல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே, அவங்களுக்கு வெடி ஆசை இருக்காதா? வருசா வருசம் அந்த ஆசையை ஒத்திவைக்கிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் நான் அவர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை, அஸ்ஸாமிலிருந்து கற்றுக்கொண்டேன். அது என் கூறு.

எங்க தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு வேப்பமரம் நிற்கிறது. மூன்று வருசமாக அதில் கொக்கு கூடு கட்டுகிறது. போன மாதம் அந்த வீட்டுக்கு மரவியாபாரி வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பேசினேன். "மதினி, நீங்க உங்க மரத்தை வித்துக் காசு பாத்துட்டீங்க, எங்களுக்கு மட்டும் நியாயம் சொல்றீங்களா"ன்னு அந்தப் பெண் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் விளக்குமாறும் ஒரு பழைய சாக்கும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேருமாக வாசலைக் கூட்டினோம். கூட்டி முடித்த பிறகு, "உங்க மரத்துல எத்தனை குஞ்சு இருந்துச்சு மதினி?" என்று கேட்டாள்.

பூர்ணிமா ஒன்பது என்று எண்ணி வைத்திருந்தார். நான் எண்ணவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

வியாபாரிக்கு இன்னும் அவள் பதில் சொல்லவில்லையாம். வியாழக்கிழமை குழுக் கூட்டம் முடிந்ததும் மறுபடியும் அங்கே போகிறேன். சாக்கு அவள் வீட்டிலேயே இருக்கிறது.