வெப்பக் கடலில் குளிர்: வடசென்னைத் துறைமுக முக்குளிப்பாளரின் உள்ளுடை குறித்து

ட்ரைசூட் எனப்படும் உலர் உடை குளிர்நாட்டுக் கருவி என்பதே பொதுக் கருத்து. கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாதபடி அடைத்து, உடலைச் சுற்றி வளிப்படலம் ஒன்றை நிறுத்தி வைப்பது அதன் வேலை. அந்த வளியை நகரவிடாமல் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காப்பது உள்ளே அணியும் உள்ளுடை. குளிர்ந்த மாதங்களிலும் கடல்நீர் 26, 27 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும் இராயபுரம்–எண்ணூர்க் கரையில் இவற்றுக்கு என்ன தேவை? இங்கே உலர் உடை முதலில் அழுக்கைத் தடுக்கவே வேண்டியிருக்கிறது. ஆனால் அழுக்குக்காக அதை அணிந்த கணமே வெப்பச் சிக்கலும் உடன் வந்துவிடுகிறது. ஆகவே உள்ளுடையைத் தீர்மானிக்க வேண்டியது கடலின் வெப்பநிலை மட்டுமன்று, வேலையின் தன்மையும் நேரமும்கூட என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், 27 பாகை என்பது உடலுக்கு வெதுவெதுப்பன்று. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆடையின்றி அசையாமல் நீரில் கிடப்பவர் உடற்சூட்டை இழக்காதிருக்க, நீர் சுமார் 33 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டும். சென்னைக் கடல் சித்திரை வெயிலிலும் அந்த அளவை எட்டுவதில்லை. அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில் வைத்த இரு நிலைகள் 36 பாகையும் 27 பாகையும். அடியில் வேலை செய்கையில் சூடாக இருந்து மேலேறுகையில் குளிர்ந்தவர்களுக்கு அழுத்தக்குறைவு நோயின் ஆபத்து மிகுந்திருந்தது என்பது அதன் முடிவு. அந்த ஆய்வு ‘குளிர்’ எனக் கொண்ட நிலைதான் மார்கழியில் நம் துறைமுக நீரின் நிலை.

அடுத்து, அழுக்கு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெயை மீனவரும் தொண்டர்களும் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. இவை செய்தியான நாட்கள். கப்பலடியில் கொட்டலசு சுரண்டுபவரும், சுழல்விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பவரும், படகுத்துறைத் தூண்களைச் சோதிப்பவரும் செய்தி இல்லாத நாட்களிலும் இந்நீருக்குள்தான் இறங்குகிறார்கள். நுரை ரப்பரால் ஆன வெட்சூட் தோலுக்கும் துணிக்கும் இடையே நீரை விடுகிறது; எண்ணெயையும் ஏற்றுக்கொள்கிறது. வல்கனைஸ் செய்த வழுவழுப்பான ரப்பர் உடையைக் கழுவித் தூய்மைப்படுத்தலாம். ஆனால் லேட்டெக்ஸ் கழுத்துப்பட்டையையும் மணிக்கட்டுப்பட்டையையும் எண்ணெய் அரிக்கும் என்பதால் அவற்றை ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

இந்த ரப்பர் உடை வியர்வையை வெளியே விடாது. இங்கேதான் இரு சிக்கல்களும் ஒன்றில் ஒன்று முடிச்சிடுகின்றன. படகுத்தளத்தில் வெயிலில் உடையணிந்து காத்திருப்பவர் வியர்த்துக் குளிக்கிறார். உள்ளுடையின் இழைகளுக்கிடையே வளி இருக்க வேண்டிய இடத்தை வியர்வை பிடித்துக்கொள்கிறது. நீருக்குள் போனதும் அந்த ஈரமே உடற்சூட்டை வெளியே கடத்துகிறது. கரையில் எல்லோருக்கும் உகந்த பருத்திப் பனியன் இங்கே தவறான தேர்வு. ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வது அதன் இயல்பு. தோலையொட்டி வியர்வையை வெளித்தள்ளும் மெல்லிய பாலியெஸ்டரோ நுண்கம்பளியோ வேண்டும். சுரண்டும் வேலை உடலைத் தானே சூடாக்குவதால் அந்த ஓரடுக்கே போதும். ஓரிடத்தில் நின்று அளவெடுக்கும் நீண்ட வேலைக்கு, அதன்மேல் மார்பையும் முதுகையும் மூடும் கையில்லாத ஃப்ளீஸ் உடுப்பைச் சேர்க்கலாம். தடித்த உள்ளுடை அதிக வளியைத் தேக்கும். அதை அமுக்க இடுப்பில் ஈய எடை கூடும். எடை கூடினால் உழைப்பும் வியர்வையும் கூடும்.

‘எங்கள் ஆட்களுக்குப் பழக்கம்’ என்ற மறுப்பு எழலாம். கொரியாவின் ஹெனியோ முக்குளிப்புப் பெண்களை 1960களில் ஆராய்ந்த சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் ஆகியோரின் பணி இதற்கு விடை தருகிறது. பருத்தி உடையில் கடுங்குளிர் நீரில் மூழ்கிய அப்பெண்களின் உடல் குளிருக்கு உண்மையாகவே பழகியிருந்தது. 1970களின் இறுதியில் வெட்சூட் வந்த சில ஆண்டுகளிலேயே அந்தப் பழக்கம் மறைந்தது. பழகிய உடல் குளிரை இழப்பின்றித் தாங்கவில்லை. நாள்தோறும் சூட்டை இழந்ததால்தான் பழகியது. அவ்விழப்பைத் தொழிலாளியின் திறமையாகக் கணக்கெழுதுவது முறையாகாது.

மற்றொரு மறுப்பு செலவு பற்றியது. ரப்பர் உடை விலை கூடியதுதான். ஆனால் உள்ளுடையும் நிழலும் அப்படியல்ல. உடையணிந்தபின் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது, தளத்தில் ஒரு பந்தல், மறுமுறை இறங்கும் முன் மாற்றிக்கொள்ள உலர்ந்த ஓரடுக்கு ஆகிய மூன்றும் பெரிய முதலீட்டை வேண்டுபவை அல்ல. துறைமுகப் பணி ஒப்பந்தங்களில் காற்றுக்குழாய், தொலைபேசி, கயிறு ஆகியவற்றோடு உள்ளுடையும் கருவிப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அதைத் தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் சொந்தத் துணியாகக் கருதும்வரை, நீர் புகாத உடைக்குள்ளும் அவர் ஈரமாகவே இருப்பார்.