ஆறாம் பாரத்து ஆருடம்

சென்னை மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்பை முடித்து வெளியேறிய மாணவன் இரண்டு ஏடுகளைக் கையோடு கொண்டு சென்றான். ஒன்று அரசாங்கம் அளித்தது. மற்றொன்று அவனே கடையில் காசு கொடுத்து வாங்கியது. முன்னதற்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று பெயர். பின்னதை ஆட்டோகிராப் என்றனர். கல்வி வரலாறு எழுதுவோர் முன்னதைப் பற்றி ஓரிரு வரி எழுதுவர். பின்னதைத் திரும்பியும் பாரார். ஆயினும், ஒரு தலைமுறை தன் எதிர்காலத்தை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதை அறிய விரும்புவோர் பின்னதைத்தான் புரட்ட வேண்டும்.

முன்னதை முதலில் முடித்துவிடுவோம். மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாற்றாக, 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஸ்.எஸ்.எல்.சி. முறை இம்மாகாணத்தில் வந்தது. தொடக்க வகுப்புகள் ஐந்து, அவற்றின்மேல் பாரங்கள் ஆறு. ஆகப் பதினோராண்டுப் படிப்பு. ஆறாம் பாரமே பள்ளியின் எல்லைக்கல். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மாணவனின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், மதிப்பெண், அங்க அடையாளம் ஆகியவை ஏறியிருக்கும். வலக்கையில் ஒரு மச்சம், இடப்புருவத்தின் மேல் ஒரு தழும்பு என்னும் அளவில் அரசாங்கம் அவனை அறிந்துகொண்டது. பிறந்த நாளோ, பல சமயம் பள்ளியில் சேர்த்த ஆசிரியரின் அருட்கொடை. எத்தனையோ பேர் பள்ளி திறக்கும் சூன் மாதத்தை ஒட்டியே பிறந்திருப்பதன் இரகசியம் அதுதான். இந்தப் புத்தகம் மாணவனின் கடந்த காலத்தைச் சொல்லிற்று. அவன் என்ன ஆவான் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

அந்தக் குறையை நிறைவு செய்தவர்கள் அவனுடைய தோழர்கள்.

ஆட்டோகிராப் சிறிய ஏடு. உள்ளே இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், பச்சை, மஞ்சள் என்று பல நிறத் தாள்கள். இறுதித் தேர்வு நெருங்கும் மாசி, பங்குனி மாதங்களில் அது வகுப்பெங்கும் சுற்றிவரும். முதற்பக்கம் தலைமையாசிரியருக்கு, அவர் ஓர் அறிவுரையும், யாராலும் படிக்க இயலாத ஒரு கையொப்பமும் இடுவார். அதன் பின்னர்தான் ஏடு உயிர் பெறும். நீ கலெக்டராக வரும்போது என்னை உன் டபேதாராக வைத்துக்கொள் என்று ஒருவன் எழுதுவான். நீ ரயிலில் டிக்கெட் பரிசோதகனாவாய், நான் டிக்கெட் இல்லாமல் வருவேன், கண்டும் காணாதது போல் போய்விடு என்பான் மற்றொருவன். கணக்கில் தேறாதவனுக்கு வங்கி முதலாளிப் பதவி. ஓயாமல் தூங்குபவனுக்கு இரவுக் காவல் உத்தியோகம். சினிமா நடிகனாவாய் என்று யாருக்கேனும் எழுதினால் அது பெரும்பாலும் கேலி. கலெக்டர், டபேதார், டிக்கெட் பரிசோதகர், வங்கி முதலாளி: இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். இவை கேலிகள்தாம்; ஆனால் அக்காலத்துச் சிறுவனின் கற்பனை எதுவரை எட்டியது, எங்கே நின்றது என்பதற்கு இவற்றைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? கையொப்பம் சேர்க்கும் ஏட்டின் மூதாதை செருமானிய நாட்டில் இருக்கிறது. 1540-களில் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்து மாணவர்கள், தம் ஆசிரியரிடமும் தோழரிடமும் சில வரிகளும் கையொப்பமும் பெற்று ஏடாகத் தொகுத்தனர். 'நண்பர் ஏடு' என்ற பொருளில் அதற்கு இலத்தீனில் பெயருமிட்டனர். மார்ட்டின் லூதர், மெலாங்தன் போன்ற பெரியோர்கூட அவற்றில் எழுதினர். எதிர்கால ஆருடமோ அமெரிக்கப் பள்ளிகளில் தழைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, அங்கே விடைபெறும் நாளில் இரண்டு வாசிப்புகள் நிகழ்ந்தன. ஒன்று 'வகுப்பின் ஆருடம்': இருபதாண்டு கழித்து ஊர் திரும்பும் ஒருவன் பழைய தோழர்களை எங்கெங்கே எந்தக் கோலத்தில் காண்கிறான் என்ற கட்டுக்கதை. மற்றொன்று 'வகுப்பின் உயில்': வெளியேறும் மாணவர், தம் கடைசி பெஞ்சையும் தாமதமாக வரும் உரிமையையும் இளையோருக்குச் சட்ட மொழியில் எழுதிவைப்பது. நம் நாட்டு மாணவர் உயில் எழுதும் வழக்கத்தை மேற்கொள்ளவில்லை. இங்கே எழுதிவைக்கச் சொத்தாக இருந்த பாடப் புத்தகமே தம்பிக்குத்தான் போயிற்று என்பது காரணமாகலாம்.

தன் பெயரைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்லும் விருப்பம் மட்டும் நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடி செல்லும் சாலையில் சில கல் தொலைவில் உள்ளது திருவரங்குளம். அங்கே அரதீர்த்தேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. தானம் செய்தோர் தம் பெயரைக் கல்லில் பொறித்து, சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இது நிற்பதாக என்று முடிப்பது நம் கல்வெட்டு மரபு. வண்ணத் தாளில் 'என்றும் மறவாதே' என்றெழுதும் ஆறாம் பாரத்துப் பையன் அம்மரபின் குறும்புக்காரப் பேரன் அல்லனோ? அவ்வூரிலிருந்து மிகத் தொலைவு சென்றவர் யார் என்று கேட்டால் நடராசப் பெருமானைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலைத் தூக்கி ஆடாமல், இரு முழங்கால்களையும் மடக்கிச் சதுர தாண்டவம் புரியும் அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனி புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருக்கு அப்படியோர் எதிர்காலத்தை எந்தச் சிற்பி கண்டான்?

இனி அவ்வட்டாரத்து மாணவரிடம் வருவோம். திருவரங்குளம் போன்ற ஊர்களிலிருந்து மேற்படிப்பை நாடியோர்க்குப் புதுக்கோட்டை நகரமே வாயில். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில், 1857-இல் பள்ளியாகத் தொடங்கி 1880-இல் கல்லூரியாக உயர்ந்தது அங்குள்ள மகாராஜா கல்லூரி. பின்னர் மன்னர் கல்லூரி என வழங்கியதும் அதுவே. அந்தச் சமஸ்தானத்தில் ஒருவனை மிக உயர்த்தி வாழ்த்த வேண்டுமானால் 'நீ திவானாக வருவாய்' என்று எழுதியிருப்பர். 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் நகரத்தையே திருத்தி அமைத்தவர். அவர் பெயர் நிலைத்திருந்த ஊரில் அது பெரிய வாழ்த்து. ஆனால் 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. திவானும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. ஆருடம் பொய்க்கவில்லை, ஆருடம் கூறிய நாற்காலியே மறைந்தது.

அக்கல்லூரியில் 1904-இல் ஒரு பெண் சேர்ந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற இடம். எதிர்ப்பு எழுந்தது. அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாளோ தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். ஆகவே எதிர்ப்பு பெண் என்பதற்காக மட்டும் எழவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். வகுப்பில் அப்பெண்ணுக்கும் மாணவர்க்கும் இடையே ஒரு திரை தொங்கியது. அவர்தாம் முத்துலட்சுமி.

திரைக்கு அப்பால் எந்த வண்ண ஏடும் சென்று வந்திராது. கேலி செய்வதற்கும் ஓர் உரிமை வேண்டும். அது சமமாக அமர்ந்தவர்க்கே கிட்டும். ஆகவே அவ்வகுப்பில் எதிர்காலம் யாருக்கு மிகப் பெரிதாக இருந்ததோ, அவருக்கு ஆருடம் சொல்ல ஆள் இல்லை. அவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத்தலைவரானார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது அவர் முயற்சியால். தோழர் எவரேனும் விளையாட்டாகவேனும் இவற்றில் ஒன்றை எழுதியிருந்தால், அதைப் படித்தவர்கள் எல்லை மீறிய கேலி என்றே எண்ணியிருப்பர்.

அதே கல்லூரியில் பயின்ற மற்றொருவர் திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தி. நாவன்மை மிக்கவர், வழக்கறிஞராகவும் தலைவராகவும் வருவார் என்று எவரும் துணிந்து சொல்லியிருக்கலாம். அவ்வாறே வந்தார், 1939-இல் சென்னை மேயரும் ஆனார். ஆனால் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் முயன்றபோது, கலை மரபு கெடும் என்று அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். ஒரே கல்லூரியில் கற்றவர் இருவர் ஒரே சபையில், ஒரு பெண்குலத்தின் தலைவிதியைக் குறித்து எதிரெதிரே நின்றனர்! முறையை முற்றும் தடுத்த சட்டம் 1947-இல் நிறைவேறியது. சத்தியமூர்த்தி 1943-இலேயே மறைந்துவிட்டார். விடுதலைக்காகச் சிறை சென்ற ஒரு பெருமகன் இந்த ஒன்றில் காலத்தின் எதிர்ப்புறம் நின்றார் என்பது என் கருத்து. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. மனிதரைப் பற்றிய ஆருடம் எவ்வளவு அரைகுறையானது என்பது மட்டும் விளங்குகிறது.

நடிகனாவாய் என்பது கேலி என்றேன். 1920-இல் புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் கூடத்தில் பணிசெய்து, 1947-இல் ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்தவர். பி. யு. சின்னப்பாவோ சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவருக்கு ஆறாம் பாரமே இல்லை. ஆட்டோகிராப்பும் இல்லை. பின்னாளில் பிறர்தாம் அவரிடம் ஏட்டை நீட்டினர்.

1963-இல் 'இரத்தத் திலகம்' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாடல் வந்தபின், விடைபெறும் விழாக்களில் பேச்சுக்கு வேலை குறைந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் பள்ளியின் எல்லைக்கல் ஓராண்டு தள்ளிப்போயிற்று. பிரிவும் பன்னிரண்டாம் வகுப்புக்கு மாறியது. ஆயினும் மாவட்டத்தின் சிற்றூர்களில் பல பெண்களுக்கு அந்தப் பிரிவே நேராதிருந்தது. பள்ளியில் சேர்ந்தவர்க்குத்தானே பிரிவு! 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். கற்றவர் தொகை ஓர் இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டனர். மகளிர் வண்டிகள் போதாமையால் பலர் ஆடவர் வண்டியையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பி குழந்தையை அமர்த்தப் பயன்பட்டது. குடத்தைப் பின்னே கட்டிக்கொண்டு தண்ணீருக்குச் சென்றனர். பிள்ளையை ஏற்றிப் பள்ளிக்கும் சென்றனர். சிலர் முதலில் சிரித்தனர். கேலி அங்கும் எதிர்காலத்துக்கு முன்னே ஓடியது.

இன்று வண்ணத் தாள் ஏடு அருகிவிட்டது. கைப்பேசிப் படம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருப்பினும் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாளில் மாணவர் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக்கொள்ளும் புது வழக்கம் பல ஊர்களில் காணப்படுகிறது. முதுகில் எழுதியதை அணிந்தவரால் படிக்க முடியாது. வீட்டுக்கு வந்தபின், துவைக்க எடுக்கும் தாய்தான் முதலில் படிக்கிறாள்: மை கறையைத் திட்டிக்கொண்டே, டாக்டர் என்றும் திருடி என்றும் முதலமைச்சர் என்றும் தன் மகளுக்குத் தோழியர் எழுதிய எதிர்காலங்களை. அவளுடைய தாய், அறிவொளி வகுப்பில் முப்பது வயதுக்குமேல் தன் பெயரை முதன்முதலாக எழுதியவளாக இருக்கக்கூடும்.